செப்பேடு, சுரக்குறிப்பு, இசைத்தட்டு: சந்திரகிரி வட்டாரப் பாடல்களை முன்வைத்துப் பாடற்பதிவின் வரலாறு

1. முன்னுரை

பாடல் என்பது சொல், பண், தாளம், குரல் ஆகியவற்றின் கூட்டு. ஒரு பாடலைப் பதிவு செய்தோம் என்று கூறும்போது இக்கூறுகளுள் எது பதிவாயிற்று, எது பதிவுக்கு வெளியே நின்றது என்ற வினா எழுகிறது. நூல் வடிவில் கிடைக்கும் பாடலை ஆராயும் மொழியியலாரும் அதனை வேறு மொழிக்குக் கொண்டுசெல்லும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கையில் கிடைத்த வடிவமே முழுப்பாடல் என்று கொள்வது வழக்கமாகிவிட்டது.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களம் சந்திரகிரி, திருப்பதி வட்டாரம். விசயநகரப் பேரரசின் இறுதிக் காலத் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கிய சந்திரகிரி, ஆங்கிலேயர் ஆட்சியில் வட ஆர்க்காடு மாவட்டத்திலும், 1911 முதல் சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கியது. தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவரும் நிலப்பகுதி இது. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே இயற்றப்பட்ட பாடல்கள் செப்பேட்டில் பொறிக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அச்சேறின. பின்னர் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறின. ஒரே பாடற்றொகுதி மூவகைப் பதிவுகளையும் கண்டிருப்பதால், ஒவ்வொரு பதிவுமுறையின் இயல்பையும் எல்லையையும் இங்கே தெளிவாகக் காணமுடிகிறது. ஐரோப்பியத் தொல்லிசை முதல் இன்றைய ராக், மெட்டல் இசைவரை பிற மரபுகளும் ஒப்பீட்டு நோக்கில் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. ‘பதிவு’ என்னும் சொல்

தமிழில் ‘பதி’ என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். ஈரமண்ணில் கால் பதிகிறது, முத்திரையைப் பதிக்கிறோம். ஒரு பரப்பு அழுத்தத்தை ஏற்று அதன் வடுவைத் தாங்கி நிற்பதே இவ்வினையின் அடிப்படைப் பொருள். பத்திரப்பதிவு, பெயர்ப்பதிவு, ஒலிப்பதிவு என்ற தொடர்களில் பொருள் விரிந்தாலும், பரப்பில் படிந்த தடம் என்ற கருத்து நீங்குவதில்லை. செப்பேட்டில் உளி வெட்டிய எழுத்துக்கும், மெழுகில் ஊசி கீறிய ஒலித்தடத்துக்கும் ஒரே சொல் பொருந்துவது இதனால்தான்.

‘ரிக்கார்டு’ என்ற ஆங்கிலச் சொல்லின் வழி வேறு. அது நெஞ்சைக் குறிக்கும் ‘கோர்’ என்ற இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டது. மீண்டும் நெஞ்சில் கொண்டுவருதல், நினைவுகூர்தல் என்பது அதன் முதற்பொருள். தமிழ்ச்சொல் பரப்பைச் சுட்டுகிறது. ஆங்கிலச்சொல் நினைவைச் சுட்டுகிறது. பாடற்பதிவின் வரலாற்றுக்கு இவ்விரண்டு கருத்துகளும் தேவை. பரப்பில் பதிந்தது ஒரு பகுதி. எஞ்சியதைப் பாடுவோர் நெஞ்சு காத்துவந்தது.

3. சொல்லின் பதிவு

3.1 தாள்ளபாக்கத்தார் செப்பேடுகள்

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408-1503) திருவேங்கடமுடையான் மீது தெலுங்கிலும் வடமொழியிலும் சங்கீர்த்தனங்கள் இயற்றியவர். சந்திரகிரியைத் தளமாகக் கொண்டு வலிமை பெற்று, 1485-ஐ ஒட்டி விசயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர் அவர் காலத்தவர். அன்னமாச்சாரியார் 32,000 பாடல்கள் பாடினார் என்பது மரபு. அவர் மகன் பெத்த திருமலாச்சாரியார் காலத்தில் இப்பாடல்களும் குடும்பத்தாரின் பிற பாடல்களும் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலினுள் சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிற்றறையில் வைக்கப்பட்டன. இன்று கிடைத்துள்ள ஏடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இச்செப்பேடுகள் பதிவு செய்தவை யாவை? பாடலின் சொற்கள் முழுமையாக உள்ளன. ஒவ்வொரு பாடலுக்கும் இராகப் பெயர் தரப்பட்டுள்ளது. அத்யாத்மம், சிருங்காரம் என்னும் பொருட்பகுப்பு உள்ளது. ஆனால் அந்த இராகத்தில் அப்பாடல் எவ்வாறு நடந்தது என்பதைக் காட்டும் சுரக்குறிப்பு இல்லை. தாளக் குறிப்பும் பொதுவாக இல்லை. இராகப் பெயர்களுள் முகாரி, வராளி, லலிதா போன்றவை இன்றும் வழங்குவன. அமரசிந்து, கொண்டமலகரி, அபாலி போன்றவை வழக்கொழிந்தவை. வழங்கும் பெயர்களைப் பொறுத்தவரையிலும், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அப்பெயர் குறித்த இசைவடிவமும் இன்று குறிக்கும் இசைவடிவமும் ஒன்றே என்று கொள்ள இயலாது. பொருள் மாறியும் வடிவம் மாறாத சொற்களைப் போன்றவை இராகப் பெயர்கள்.

எனினும் சொற்பதிவு இசையை முற்றிலும் இழந்துவிடவில்லை. பல்லவியும் சரணங்களுமாக அமையும் இப்பாடல்களில் தமிழ் எதுகையை ஒத்த பிராசமும் மோனையை ஒத்த யதியும் ஒழுங்காக வருகின்றன. குறில் நெடில் அடுக்குமுறையைக் கொண்டு பாடலின் நடையை ஊகிக்க இடமுண்டு. மொழியின் ஒலியமைப்புக்குள் தாளத்தின் எலும்புக்கூடு தங்கியிருக்கிறது. பண்ணின் தசையும் தோலுமே மறைந்தன.

3.2 தமிழ் மரபில் ஓர் ஒப்புமை

இந்நிலை தமிழுக்குப் புதிதன்று. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையிலிருந்து மீட்கப்பட்ட வரலாற்றைக் கூறும் திருமுறைகண்ட புராணம், ஏடு கிடைத்ததோடு கதையை முடிக்கவில்லை. சொல் கிடைத்தபின் பண் தேவைப்பட்டது. அதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர்வழிப் பண்முறை வகுத்தனர் என்று அந்நூல் கூறுகிறது. இக்கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், அதில் பொதிந்துள்ள தெளிவு கருதத்தக்கது. ஏட்டைக் கறையான் அரிக்கும். பண்ணை அறிந்த மரபு அற்றுப்போனால் ஏடு முழுமையாக இருந்தும் பயனில்லை. இவை இருவேறு இழப்புகள் என்பதைப் புராண ஆசிரியர் உணர்ந்திருந்தார்.

3.3 இலக்கணம் தேடியவர்

சங்கீர்த்தன பண்டாரத்து ஏடுகளைப் பற்றிய அச்சுக் குறிப்பு ஒன்று மொழியியலாருக்கு நன்கு அறிமுகமான நூலிலேயே உள்ளது. ஏ.டி. காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முதற்பதிப்பு 1816-இல் வெளிவந்தது. தென்னிந்திய மொழிகள் வடமொழியின் வழிவந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனி இனம் என்ற எல்லிஸின் கருத்து அச்சேறியது இந்நூலின் முன்னுரையில்தான். திருப்பதிச் செப்பேடுகளில் பாடல்கள் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கேள்வியுற்ற காம்ப்பெல், அங்கிருந்த ஏடுகள் அனைத்தையும் சோதிக்கச் செய்தார். இலக்கண நூல் ஒன்று படியெடுக்கப்பட்டது. ஏனையவை இறைவனைப் புகழும் பாடல்கள் மட்டுமே என்ற குறிப்போடு அவர் தேடல் முடிந்துவிட்டது. தெலுங்குப் பேச்சுவழக்கின் பதினைந்தாம் நூற்றாண்டு வடிவங்களைத் தாங்கிய பெருந்தரவு, இலக்கணம் தேடியவர் கைக்கு எட்டியும் கருத்தில் படாமல் போயிற்று. அறிஞருலகம் அப்பாடல்கள் பக்கம் திரும்புவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இதே மரபில் இன்னொரு செய்தியும் மொழிபெயர்ப்பாளருக்கு உரியது. அன்னமாச்சாரியார் சங்கீர்த்தனத்தின் இலக்கணத்தை வடமொழியில் எழுதினார். அம்மூலம் கிடைக்கவில்லை. அவர் பேரர் சின்ன திருமலாச்சாரியார் தெலுங்கில் ஆக்கிய ‘சங்கீர்த்தன லட்சணமு’ கிடைத்துள்ளது. மூலம் மறைந்து மொழிபெயர்ப்பே மூலமாக நிற்கும் நிலை இது.

4. சுரத்தின் பதிவு

4.1 வெனிசும் திருமலையும்

அன்னமாச்சாரியார் மறைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1501-இல், வெனிசு நகரில் ஒட்டவியானோ பெட்ருச்சி ‘ஒடெகாட்டன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். பல குரல்களுக்குரிய இசையை அசையும் அச்செழுத்துகளால் அச்சிட்ட முதல் நூல் அது. அதிலுள்ளவை பெரும்பாலும் பிரெஞ்சு மொழிப் பாடல்கள். ஆனால் அந்நூலில் பாடற்சொற்கள் ஏறத்தாழ இல்லை. ஒவ்வொரு பாடலுக்கும் தொடக்கச் சொற்கள் சில மட்டுமே தரப்பட்டு, சுரங்கள் முழுமையாக அச்சிடப்பட்டுள்ளன.

திருமலையில் சொல் முழுமையாகவும் பண் பெயரளவிலும் பதிவாகிவந்த காலத்தில், வெனிசில் பண் முழுமையாகவும் சொல் பெயரளவிலும் பதிவாயிற்று. இரண்டிலும் விடுபட்டது ஒன்றே: பயன்படுத்துவோர் ஏற்கெனவே அறிந்தது. திருமலையில் பண்ணைக் கோயிற்பாடகர் அறிவர். வெனிசில் சொல்லைப் பாடுவோர் அறிவர், அல்லது கருவியில் வாசிப்போருக்குச் சொல் தேவையில்லை. எனவே, ஒரு பதிவில் இல்லாததை அக்காலத்தார் புறக்கணித்தது என்று கொள்ளல் ஆகாது. எழுதவேண்டாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றும் அது பொருள்படலாம்.

ஐரோப்பியச் சுரக்குறிப்பும் தொடக்கத்தில் நினைவூட்டியாகவே இருந்தது. பத்தாம் நூற்றாண்டின் செயின்ட் கால் மடத்துச் சுவடிகளில் வழிபாட்டுப் பாடலின் சொற்களுக்கு மேலே வரையப்பட்ட குறிகள், இசை ஏறுவதையும் இறங்குவதையும் காட்டின. எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காட்டவில்லை. பதினோராம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத்துக் குவிதோ கோடுகளின்மேல் சுரங்களை நிறுத்திய பிறகே, முன்பின் கேட்டறியாத பாடலையும் ஏட்டைப் பார்த்துப் பாடும் நிலை உருவாயிற்று. பாக் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசையை, அவர் மறைந்து 79 ஆண்டுகள் கழித்து 1829-இல் மெண்டெல்சோன் பெர்லினில் மீண்டும் அரங்கேற்ற முடிந்ததற்குச் சுரக்குறிப்பே காரணம். ஆயினும் பாக் காலத்துச் சுருதி எது, அணிகளை எவ்வாறு இசைப்பது என்பன இருபதாம் நூற்றாண்டில் பெரும் விவாதங்களாயின. சுரப்பதிவுக்கும் வெளியே ஒரு பகுதி நின்றது.

4.2 தென்னகத்துச் சுரப்பதிவுகள்

தென்னகத்தார் சுரத்தை எழுதும் முறையை அறியாதவர் அல்லர். புதுக்கோட்டை அருகிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு சுர எழுத்துகளை நான்கு நான்காகக் கோத்துத் தருகிறது. சுரப்பெயரின் மெய்யை நிறுத்தி உயிரை மட்டும் மாற்றி வேறுபாடு காட்டும் அதன் முறை மொழியியலார் ஆராய்தற்குரியது. திருமலையிலேயே, செப்பேட்டறையின் முன் இருந்த இரு கற்பலகைகளில் சாலகசூட வகைப் பாடல்கள் சுரக்குறிப்போடு பொறிக்கப்பட்டுள்ளன. ஆக, செப்பேடுகளில் சுரம் இல்லாமை இயலாமையால் அன்று. ஆயிரக்கணக்கான பாடல்களுக்குச் சொல்லும் இராகப் பெயரும் போதும் என்ற தெரிவால் எனலாம்.

4.3 நோட்டுச்சுரம்

ஐரோப்பிய இசை தென்னகத்தில் நிலைகொண்டதற்கும் சந்திரகிரிக்கும் தொடர்புண்டு. சந்திரகிரி அரசின் கீழ் கடற்கரைப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை வழங்கிய நிலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835), கோட்டையில் ஒலித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். இங்கிலாந்து நாட்டு வணக்கப்பாடலின் மெட்டும் அவற்றுள் ஒன்று. இவ்வகைக்கு வழங்கும் ‘நோட்டுச்சுரம்’ என்ற பெயரில் ஆங்கில ‘நோட்’டும் வடமொழிச் சுரமும் இணைந்துள்ளன, ஒரே பொருளுடைய இரு சொற்கள் ஒட்டி ஒரு புதிய வகையின் பெயராயின. மெட்டை நிறுத்திச் சொல்லை மாற்றும் இம்முறையும் ஒருவகை மொழிபெயர்ப்பே. ஆனால் இங்கே மூலச்சொல்லின் பொருள் சிறிதும் கடத்தப்படவில்லை. அசையளவும் அழுத்தமும் மட்டுமே கடத்தப்பட்டன.

1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ சுரத்தோடு கமகங்களுக்கும் தனிக்குறிகள் வகுத்தது. தமிழ்நாட்டின் தென்கோடியில் தெலுங்கு எழுத்தில் அச்சான நூல் அது. எழுத்தில் எவ்வளவு இசையை அடக்கலாம் என்ற முயற்சி உச்சத்தை எட்டிய அந்த ஆண்டுகளில்தான், எழுத்தே தேவைப்படாத பதிவு இந்தியாவுக்குள் நுழைந்திருந்தது.

5. ஒலியின் பதிவு

5.1 முத்திரை இடம் மாறியது

1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் கௌகர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் பாடகி தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிக்கும் வழக்கம் அந்த இசைத்தட்டுகளில் கேட்கிறது. ஜெர்மனியின் ஹனோவரில் தட்டுகளை அச்சடிப்போர் பாடியவரை அடையாளம் காண்பதற்கு அது உதவியது.

இச்சிறு வழக்கம் ஒரு பெரிய மாற்றத்தின் அறிகுறி. சாகித்திய மரபில் பாடலின் இறுதியில் வருவது வாக்கேயக்காரரின் முத்திரை. தாள்ளபாக்கத்தார் அனைவரும் வேங்கடேசன் பெயரையே முத்திரையாகக் கொண்டமையால், இன்னார் பாடல் இது என்று பிரித்தறிய ஏட்டின் குறிப்பையே நாடவேண்டியுள்ளது. அங்கே முத்திரை இயற்றியவரையும் கடந்து இறைவனைச் சுட்டியது. இசைத்தட்டில் முத்திரை பாடியவரைச் சுட்டியது. பாடலின் உரிமையாளர் யார் என்பதற்கு மூன்று பதிவுமுறைகளும் மூன்று விடைகள் தருகின்றன.

5.2 சொல்லற்றுப் போன தமிழ்ப்பாட்டு

ஒலிப்பதிவு எல்லாக் கூறுகளையும் காக்கும் என்ற எண்ணத்தை ஒரு நிகழ்ச்சி மறுக்கிறது. கோயம்புத்தூர் தாயியின் (1872-1917) இசைத்தட்டுகள் பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜைக் கவர்ந்தன. 1910-களில் அவர் பியானோவுக்கு எழுதிய ‘ராகமாலிகா’ தாயியின் பாட்டைத் தழுவியது. அதன் ஓர் இடத்தில் பியானோத் தந்தியின் அடியில் அட்டைத்துண்டைச் செருகி ஒலியை மழுங்கச் செய்யும்படி அவர் குறித்துள்ளார். கேட்ட ஒலியின் தன்மையை உருவாக்குவதற்கு அவ்வளவு நுட்பம் காட்டிய அப்படைப்பில் சொல் ஒன்றுகூட இல்லை. இசைத்தட்டில் சொல் இருந்தது. மொழி அறியாச் செவிக்கு அது வெறும் ஒலியாயிற்று. பதிவில் இருப்பது வேறு. பெறுவோர் பதிவிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு.

5.3 பெயரிடும் சிக்கல்

புதிய பொருள்களுக்குத் தமிழ் இருவழிகளில் பெயரிட்டது. பேச்சில் பிளேட்டு, ரிக்கார்டு, கேசட், சிடி என்ற கடன்சொற்கள். எழுத்தில் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு என்ற ஆக்கங்கள். இவ்வாக்கங்கள் யாவும் பரப்பின் வடிவத்தையே பெயராக்கின: தட்டு, நாடா, தகடு.

இசைவகைகளின் பெயர்களில் நிலைமை வேறு. ‘சிம்பொனி’, ‘ராக்’, ‘மெட்டல்’ என்பன பெரும்பாலும் கடன்சொற்களாகவே நிலைத்தன. ‘ராக்’ என்பதைப் பாறை என்று பெயர்ப்பது பிழை; ‘ராக் அண்ட் ரோல்’ என்ற மூலத்தொடரில் அது ஆடு, அசை என்னும் பொருளுடைய வினை. இவ்விடங்களில் கடன்சொல்லை நிறுத்துவதே தெளிவு. பாக்கையும் தியாகராசரையும் எதிரெதிர் நிறுத்தி இளையராஜா 1986-இல் வெளியிட்ட சொல்லற்ற இசைத்தொகுப்புக்கு, இதற்கு எவ்வாறு பெயரிடுவது என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரையே பெயராக இட்டது இச்சிக்கலின் நேரடி வெளிப்பாடு.

6. செப்பேடு ஒலியான வரலாறு

இருபதாம் நூற்றாண்டில் திருமலைச் செப்பேடுகள் படிக்கப்பட்டு அச்சேறத் தொடங்கின. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி ஆகியோரின் உழைப்பு இதில் முதன்மையானது. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893-1979) நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்துச் சுரக்குறிப்போடு வெளியிட்டார். 1978-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கிற்று. 1980-ஐ ஒட்டி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாலாஜி பஞ்சரத்தினமாலை ஐந்து நெடுந்தட்டுகளாக வெளிவந்தது. அதிலுள்ள அன்னமாச்சாரியார் பாடல்கள் சிலவற்றுக்குக் கடையநல்லூர் வெங்கடராமன் இசையமைத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் அமைத்த மெட்டுகள் ஒலிநாடாவின் வழி வீடுதோறும் சென்றன.

இவ்வரலாற்றின் பயன் பெரிது. ஆராய்ச்சி அறைகளில் முடங்கியிருக்கக்கூடிய பாடல்கள் மக்கள் நாவுக்குத் திரும்பின. ஆனால் இங்கே ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்தது. பல பாடல்கள் செப்பேடு குறிக்கும் இராகத்தில் அல்லாமல் வேறு இராகத்தில் அமைக்கப்பட்டன. இசையமைப்பாளருக்கு அவ்வுரிமை உண்டு. அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. எனினும் இசைத்தட்டு பரவியபின், கேட்போர் மனத்தில் அம்மெட்டே பாடலின் பழைய மெட்டாயிற்று. முப்பது நாற்பது ஆண்டுப் பழமையுடைய இசை, ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய சொல்லின் வயதைத் தானும் பெற்றுவிட்டது.

இது மொழி ஆராய்ச்சியையும் தொடுகிறது. அக்கால எழுத்து வழக்குப்படி ஏடுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. சந்தி மிகுந்த தெலுங்கில் சொற்பிரிப்பு பதிப்பாசிரியரின் முடிவு. பாடகர் மூச்சு வாங்கும் இடம் இன்னொரு பிரிப்பு. கேட்டுப் பழகிய பிரிப்பையே மூலத்தின் பிரிப்பாகக் கொண்டு பொருள் கூறுவது, பதினைந்தாம் நூற்றாண்டுச் சான்றையும் இருபதாம் நூற்றாண்டு விளக்கத்தையும் ஒன்றாக்குவதாகும்.

தமிழ் எழுத்தில் இப்பாடல்களைப் படிப்போருக்கு மற்றொரு சிக்கல். தெலுங்கில் ‘காலி’ என்ற ஒரே தமிழ் எழுத்துருவுக்கு இரு சொற்கள் உள்ளன: முதலெழுத்து வல்லொலியாயின் ‘காலினுடைய’ என்று பொருள்; மெல்லிய ககரமாயின் ‘காற்று’. இதற்காகவே கீர்த்தனை நூல்கள் எழுத்தின்மேல் 2, 3, 4 என்று எண்ணிடும் வழக்கத்தைக் கொண்டன. நடைமுறையில் தமிழ்ப் பாடகர் பலர் எண்ணைவிட இசைத்தட்டையே நம்புகின்றனர். எழுத்தின் குறையை ஒலிப்பதிவு நிரப்புகிறது. ஆனால் பாடியவர் பிழைபட ஒலித்திருப்பின் அப்பிழையும் அதே உறுதியோடு பரவுகிறது.

7. ராக், மெட்டல்: பதிவே படைப்பாதல்

மேற்கண்ட மரபுகள் யாவற்றிலும் பாடல் முன்னது, பதிவு பின்னது. 1960-களின் ராக் இசையில் இவ்வரிசை தலைகீழாயிற்று. பீட்டில்ஸ் குழுவினர் 1966-இல் இசைப்பயணங்களை நிறுத்தியபின் பதிவறையிலேயே அடுக்கடுக்காக ஒலிகளைச் சேர்த்து 1967-இல் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பை உருவாக்கினர். ராக் இசையில் முதன்மைப் படைப்பு பாடலன்று, ஒலிப்பதிவே என்று தியடோர் கிரேசிக் 1996-இல் வாதிட்டது இதனால்தான். அதே தொகுப்பின் உறையில் பாடற்சொற்கள் முழுமையாக அச்சிடப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஒலி முழுமையாகப் பதிவாகியும் சொல்லுக்குத் தனி ஏடு தேவைப்பட்டது.

மெட்டல் இசையில் இத்தேவை கூர்மை பெற்றது. 1970-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட பிளாக் சாபத் குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி, தொழிற்சாலை விபத்தில் விரல்நுனிகளை இழந்தவர். பின்னர் அவர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியதும் அவ்விசையின் கனத்த ஒலிக்கு வழிகோலிற்று. இதனைச் சுரக்குறிப்பு ஓரளவே காட்டும். சொல் சிறிதும் காட்டாது. அம்மரபின் பிற்காலக் கிளைகளில் தொண்டையை இறுக்கி உறுமும் குரலில் உயிரொலிகளின் வேறுபாடு மங்கிவிடுகிறது. தாய்மொழியாளரும் சொல்லைத் தாளில் பார்த்தே அறிகின்றனர்.

சந்திரகிரியிலிருந்து சில மணிநேரப் பயணத் தொலைவிலுள்ள பெங்களூர் இந்தியாவில் இவ்விசையின் முதன்மை நிலைக்களன்களுள் ஒன்று. கிரிப்டாஸ் குழு அங்கே 1998-இல் தோன்றியது. 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் அங்கே இசைத்தனர். அகம் என்ற பெங்களூர்க் குழு கர்நாடக இசை மரபை ராக் இசையோடு இணைத்து 2012-இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. பழைய சாகித்தியத்தை மின்கிதாரோடு கேட்கும்போது இது மரபா என்று சிலர் வினவுவர். அவ்வினாவை எழுப்புவோர், ஒலிநாடாவில் கேட்டுப் பழகிய அன்னமாச்சாரியார் மெட்டுகள் பற்றியும் அதே வினாவை எழுப்புவது முறையாகும். இரண்டிலும் சொல் பழையது, இசை புதியது. வேறுபாடு, இசைநடை எவ்வளவு பழகியது என்பதில் மட்டுமே.

8. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

வெல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் அன்னமாச்சாரியார் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 2005-இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பு அவற்றைத் திருப்பதிக் கோயிற் கவிதைகள் என்கிறது. செப்பேடு தருவது சொல்லையே. ஆதலால் அதனைக் கவிதையாகக் கொண்டு பெயர்ப்பது சான்றோடு பொருந்திய நிலைப்பாடு. மாறாக, இசைத்தட்டில் கேட்ட பாடலைப் பெயர்ப்பவர், பல்லவி திரும்பத் திரும்ப வருவதையும், ஒரே அடி வெவ்வேறு சங்கதிகளில் பொருள் விரிவதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பாடவே பெயர்ப்பவருக்கு நோட்டுச்சுரத்தைப் போல அசையளவு முதன்மையாகும். மூன்றும் ஏற்புடையன. எதைப் பெயர்க்கிறோம் என்று அறிவிக்காமல் ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் காட்டுவதே ஏற்கத்தகாதது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

செப்பேடு சொல்லையும், சுரக்குறிப்பு பண்ணின் நடையையும், ஒலிப்பதிவு ஒரு முறை பாடிய குரலையும் காக்கின்றன. எந்தப் பதிவும் பாடலை முழுமையாகக் காப்பதில்லை.

பதிவில் விடுபட்டது, அக்காலத்தார் அறிந்திருந்ததாலேயே விடுபட்டிருக்கலாம். 1501-இன் வெனிசு நூலும் அதனை ஒட்டிய காலத்துத் திருமலைச் செப்பேடுகளும் எதிரெதிர்க் கூறுகளை விட்டிருப்பது இதனை உறுதிப்படுத்துகிறது.

பிற்காலப் பதிவு முற்காலப் பதிவின் மதிப்பைத் தனதாக்கிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலின் பாடல்களைத் தரவாகக் கொள்ளும் ஆய்வுகளில் சொல்லின் காலம், மெட்டின் காலம், பதிவின் காலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். தாள்ளபாக்கத்தார் பாடல்களின் பதிப்புகளிலும் ஒலித்தொகுப்புகளிலும் செப்பேட்டு இராகத்தையும் இன்றைய இராகத்தையும், இசையமைத்தவர் பெயரையும் உடன் தருதல் இதற்கு முதற்படியாகும்.

1816-இல் இலக்கணம் தேடியவருக்குப் பாடல் தரவாகத் தோன்றவில்லை. இன்று பாடலின் ஒலி எங்கும் கிடைக்கிறது. செப்பேட்டின் சொல்லை நாடுவோர் சிலரே. இவ்விரு நிலைகளிலும் தரவின் ஒரு பாதி மறைகிறது. மறைந்த பாதியைக் கணக்கில் கொண்டு ஆராய்வது மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பொதுவான பணி.